ஊவாவுக்கு வந்த பொய் அரசனும் கைபேசிக்குள் வந்த புது அறிவாளியும்

 

முதலில் ஒரு திருத்தம். இரண்டு கிழமைக்கு முன்னர், 1817இல் ஊவா - வெல்லஸ்ஸ கிளர்ச்சியின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட ஹாஜி மரைக்கார் பற்றி ஒரு பதிவை ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தோம். அதில் அவர் மரணத்துக்கு முன் பேசியதாக ஓர் உருக்கமான உரை இருந்தது. பலர் பகிர்ந்தீர்கள். வாசித்துக் கண்கலங்கியதாகச் சிலர் எழுதினீர்கள். அந்த உரைக்கு எங்களால் ஓர் ஆதாரமும் காட்ட முடியவில்லை. அதனால் அதை அழித்துவிட்டோம். பகிர்ந்தவர்களும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அது எப்படி எங்கள் கைக்கு வந்தது, வரலாறு படிப்பிக்கிற நாங்களே ஏன் அதை நம்பினோம் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஊவா கிளர்ச்சி பற்றி ஓர் ஒப்படை கொடுத்திருந்தோம். ஒரு பிள்ளை கொண்டு வந்ததில் அந்த உரை இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. சிவப்புப் பேனையால் "மிக நன்று" என்று எழுதினோம். வகுப்பில் வாசிக்க வைத்தோம். பிறகு குழுக்களில் போட்டோம். ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் மட்டும் போன் எடுத்துக் கேட்டார்: "தம்பி, இது எந்தப் புத்தகத்தில இருக்கு?"

எங்களிடம் பதில் இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒளிக்காமல் சொன்னது: போனில் உள்ள செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதியது. என்ன கேட்டாய் என்றோம். காட்டியது. "ஹாஜி மரைக்கார் சாவதற்கு முன் கடைசியாக என்ன பேசினார்?" என்பதுதான் கேள்வி. நாங்களும் அதே போனில் ஆதாரம் கேட்டுப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு நூலின் பெயரைச் சொன்னது. தேடினோம். அப்படியொரு நூலே அகப்படவில்லை.

அப்போது அந்தப் பிள்ளை கேட்டது: "சேர், அது தெரிஞ்சே பொய் சொன்னதா, தெரியாம சொன்னதா?"

இந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு கிழமையாகச் சுமந்து திரிகிறோம். தனக்குத் தெரிந்தே பொய் சொல்ல வேண்டுமென்றால் "தான்" என்று ஒன்று இருக்க வேண்டும். அது யாருக்கு இருக்கிறது? மனிதனுக்கு மட்டுமா, மிருகங்களுக்குமா, இந்த இயந்திரத்துக்குமா? பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த ஒப்படையின் தலைப்பே ஒரு பெரிய பொய்யின் கதைதான். அதிலிருந்தே தொடங்குவோம்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர். அவரை ஆங்கிலேயர் தென்னிந்தியாவின் வேலூருக்கு நாடுகடத்தினார்கள். மன்னரை விலக்க உதவிய பிரதானிகளே இரண்டு வருஷத்துக்குள் கசந்து போனார்கள். கண்ணில் காண முடியாத, கடலுக்கு அப்பால் இருக்கிற ஓர் அரசனுக்குக் கீழே இருப்பது மக்களுக்கும் பழகவில்லை. சிம்மாசனம் காலியாகவே கிடந்தது போல அவர்களுக்கு இருந்தது.

அந்தக் காலி இடத்துக்கு 1817இல் ஒருவர் வந்தார். வெல்லஸ்ஸ காட்டுப் பகுதியில் தோன்றி, தான் நாயக்கர் அரச குடும்பத்து இளவரசன் துரைசாமி என்றார். உண்மையில் அவர் வில்பாவே என்று அறியப்பட்ட, காவியுடையைக் களைந்த ஒரு முன்னாள் பிக்கு. அரச இரத்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் மக்கள் திரண்டார்கள்.

இங்கேதான் நம்மவர் கதைக்குள் வருகிறார். அந்தக் காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் வெல்லஸ்ஸ வழியாக மலைநாட்டுக்கு ஏறியது தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில்தான். அந்தத் தொழிலில் முஸ்லிம்கள் நிறையப் பேர். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துச் சேவைக்கு மடிகே என்று பெயர். ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு மேல் ஹாஜி மரைக்காரை முஹந்திரமாக நியமித்தார்கள். அதனால் மில்லேவ திசாவையின் அதிகாரம் குறைந்தது. கிளர்ச்சிக்கான காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதையும் சொல்வார்கள்.

புது இளவரசன் பற்றிய செய்தி பதுளையில் இருந்த உதவிப் பிரதிநிதி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனுக்கு எட்டியது. விசாரித்து வர ஹாஜி மரைக்காரை ஆட்களோடு அனுப்பினார். ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வில்சனே சிறு படையோடு புறப்பட்டுப் போனார். அம்பு பட்டு இறந்தார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல, ஆங்கிலேயர் கொடுத்த துவக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை ஊர் ஊராக வீடுகளைக் கொளுத்தியது, நெல்லை அழித்தது, மாடுகளைக் கொன்றது. வெல்லஸ்ஸ அதிலிருந்து எழும்ப நெடுங்காலம் எடுத்தது.

1818இல் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்ல, இளவரசன் போலி என்பதை அம்பலப்படுத்தி அவரைத் தொழுமரத்தில் பூட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் 1818 நவம்பர் 26ஆம் திகதி தலை வெட்டப்பட்டார்கள். பொய் சொன்ன வில்பாவே தப்பி ஓடி, பல வருஷம் கழித்தே பிடிபட்டார்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசன் பொய். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற மக்களின் கோபம் பொய்யில்லை. அவர்கள் இழந்தது மெய், பட்டது மெய். அந்த மெய்யான தேவைக்கு உள்ளேதான் பொய் இடம் பிடித்தது.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வில்பாவே தெரிந்தே பொய் சொன்னார். அதற்கு இரண்டு அறிவு வேண்டும். தான் யார் என்று தனக்குத் தெரிய வேண்டும். எதிரில் நிற்பவன் மனதில் என்ன குறை இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. ஏமாற்று என்றவுடன் நமக்கு இப்படிப்பட்ட ஆள்தான் ஞாபகம் வரும். ஆனால் உலகத்தில் நடக்கும் ஏமாற்றில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு அறிவுமே தேவையில்லை.

குயிலைப் பாருங்கள். காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காகம் தன் குஞ்சென்று ஊட்டி வளர்க்கும். முட்டை காகத்தின் முட்டையைப் போலத் தோன்றுவது குயில் போட்ட திட்டமல்ல. பொருந்தாத முட்டைகளில் பல தள்ளப்பட்டு, பொருந்தியவை தலைமுறை தலைமுறையாகத் தப்பி வந்ததன் விளைவு அது. இங்கே ஏமாற்று இருக்கிறது. ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் எங்கும் இல்லை.

ஒரு படி மேலே கரிச்சான் குருவி. சிலர் இரட்டைவால் குருவி என்பார்கள். நம் சிங்கராஜ வனத்தில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஈபன் குடேலும் செய்த ஆய்வு, துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலையும் அவற்றின் அபாயக் குரலையும் இடமறிந்து பாவிப்பதாகக் காட்டியது. ஆபிரிக்காவின் கலஹாரியில் உள்ள இதன் உறவுக்காரக் குருவி இன்னும் கெட்டிக்காரி. கீரிக்கு உறவான மீர்கட் என்ற சிறு பிராணி இரை தோண்டும்போது, கழுகு வருவதுபோலப் பொய்க் கூச்சல் போடும். மீர்கட் ஓடும், குருவி இரையை எடுத்துக்கொள்ளும். ஒரே கூச்சலைத் திரும்பத் திரும்பப் போட்டால் மீர்கட் நம்பாமல் விடும். அப்போது குருவி வேறொரு பிராணியின் அபாயக் குரலுக்கு மாறிவிடும். டொம் ஃபிளவர் என்ற ஆய்வாளர் குழு இதை 2014இல் வெளியிட்டது. குருவிக்கு மீர்கட்டின் மனம் விளங்கியதா? அவசியமில்லை. எந்தக் கூச்சலுக்கு இரை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் பழகினால் போதும்.

இன்னொரு படி குரங்கு. துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குப் போகிற பாதையில் சாப்பாட்டுப் பார்சலைப் பறிகொடுத்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். நாம் அந்தப் பக்கம் திரும்பும் வரை அது சும்மா பேன் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தக் குரங்கின் இனத்தைச் சேர்ந்த ரீசஸ் குரங்குகளை வைத்து போர்ட்டோ ரிக்கோ அருகே ஒரு தீவில் செய்த பரிசோதனை 2005இல் வெளியானது. இரண்டு மனிதர்கள் முன்னால் பழம். ஒருவருக்குக் குரங்கு தெரியும், மற்றவருக்குத் தெரியாது. குரங்குகள் பார்க்க முடியாதவரிடமிருந்தே களவெடுத்தன. ஆக, நாம் பார்க்கிறோமா இல்லையா என்று குரங்குக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று இந்தக் குரங்குகள் பொதுவாக அறிவதில்லை. அடுத்தவனின் கண்ணைக் கணக்கிடத் தெரியும், தன் முகம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அதற்கும் மேலே யானை. யானை என்றால் பதுளைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நகரிலுள்ள சென். மார்க் தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்ட காலத்தில் யானைக்கு ஓர் உள்ளம் இருக்கலாம் என்று யோசித்தவர்கள் குறைவு.

அதே காலத்தில் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட், 1847இல் குருநாகல் பக்கம் நடந்த யானைப் பிடிப்பை எழுதியிருக்கிறார். சிரிபெத்தி என்ற வயதான பழக்கிய பெண் யானை. பிடிபட்ட காட்டு யானைகளை நோக்கி அது நேராகப் போகாது. ஒன்றும் தெரியாததுபோல மெல்ல நடக்கும், நின்று புல்லைப் பிடுங்கும், இலையைத் தின்னும், அப்படியே பக்கத்தில் போய் நிற்கும். காட்டு யானை அமைதியாகும். அந்த நேரத்தில் காலில் கயிறு விழும். யானைப் பிடிப்பில் பேர்போன பணிக்கர்மார் வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் ஊர்க்காரர்கள் என்பதையும் அதே டெனண்ட் பதிந்திருக்கிறார். நம் மக்களுக்கு யானையின் மனம் நன்றாக விளங்கியிருந்தது.

சிரிபெத்தி நடித்ததா, பாகனின் பழக்கமா? டெனண்ட் பார்வையில் அது நடித்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நியூயோர்க்கின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் மூன்று ஆசிய யானைகளின் முன் ஒரு பெரிய கண்ணாடியை வைத்தார்கள். ஹெப்பி என்ற யானையின் தலையில், கண்ணாடியில் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வரைந்தார்கள். அது கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் துதிக்கையால் தன் தலையில் இருந்த அடையாளத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டது. கண்ணாடியில் இருப்பது தான் என்று அதற்கு விளங்கியது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

ஆக, ஏமாற்றும் தன்னறிவும் ஒரே பொருளல்ல. ஒன்று இல்லாமல் மற்றது இருக்கலாம். குயிலுக்கு இரண்டாவது இல்லாமலே முதலாவது இருக்கிறது.

இனி மனிதனிடம் திரும்புவோம், நம் தோட்டங்களுக்கு. ஹாலிஎல, பசறை, ஹப்புத்தளை, எந்தப் பக்கம் போனாலும் வயதான ஆட்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து ஆள் கூட்டிய கங்காணிமார், தேயிலைச் செடிக்கடியில் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்களாம். பஞ்சத்தில் கிடந்தவன் காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்! திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தார்கள். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுப்பாதையால் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவனுக்கு முதல் நாளே கடன் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். அதில் அவன் கடன் எழுதியிருக்கும். கடனைக் கட்டுகிற தோட்டமே அவனை எடுக்கும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

இந்தக் கதையில் பொய்யன் யார்? எல்லோரும் கங்காணியைக் காட்டுவார்கள். கொடுமையான கங்காணிமார் இருந்தார்கள், அதை மறைக்க முடியாது. ஆனால் கொஞ்சம் உள்ளே பாருங்கள். கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊருக்கு, சொந்தச் சாதி சனத்திடம்தான் ஆள் கூட்டப் போனான். தோட்டம் கொடுத்த முற்பணத்துக்கு அவனே கடனாளி. வேலைக்கு இறங்கும் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. உண்மையைச் சொன்ன கங்காணிக்கு ஆள் கிடைக்காது. ஆசை காட்டிய கங்காணிக்குக் கிடைக்கும். வருஷக்கணக்கில் இது நடந்தால் மிஞ்சுவது ஆசை காட்டத் தெரிந்த வாய்தான். துரைக்கு எண்ணிக்கை போதும், அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன சொல்லப்பட்டது என்று அவர் கேட்கத் தேவையில்லை. கங்காணியும் நல்ல கோட்டும் தலைப்பாகையுமாக ஊருக்குப் போய் நிற்கும்போது, தான் நன்றாக இருப்பதாகத் தானே நம்பியிருப்பான். தான் ஏமாந்ததை ஒத்துக்கொள்ள முடியாதவனுக்கு, அடுத்தவனை ஏமாற்றும்போது பொய் சொல்வதாகவே தோன்றாது.

கரிச்சானை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எந்தக் கூச்சலுக்கு இரை கிடைக்கிறதோ அந்தக் கூச்சல் நிலைக்கிறது. கங்காணிக்கும் அதுதான் நடந்தது. ஏமாற்றுக்கு ஒரு கெட்ட மனம் கட்டாயமில்லை. தவறான இடத்தில் வைத்த பரிசு போதும்.

இயந்திரத்தின் கதையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. செயற்கை நுண்ணறிவை உருவாக்குபவர்கள், அது தரும் பதில்களை மனிதர்களிடம் காட்டி எது நல்லது என்று கேட்டு, நல்லது என்று சொன்னதை நோக்கி அதைப் பழக்குகிறார்கள். 2017இல் ஓபன்ஏஐ நிறுவனம் ஓர் இயந்திரக் கைக்குப் பந்தைப் பிடிக்க இப்படிப் பழக்கியது. மனிதர்கள் கெமராவில் பார்த்து எது நல்லது என்று சொன்னார்கள். அந்தக் கை என்ன செய்தது தெரியுமா? பந்துக்கும் கெமராவுக்கும் இடையில் போய் நின்றது. பார்ப்பவருக்குப் பிடித்த மாதிரி தெரிந்தது. உண்மையில் பிடிக்கவில்லை. அந்தக் கைக்கு "ஏமாற்றுவோம்" என்ற எண்ணம் எதுவுமில்லை. பிடிப்பதற்குப் பரிசு என்று நாம் நினைத்தோம். உண்மையில் பிடித்ததுபோலத் தெரிவதற்குத்தான் பரிசு இருந்தது.

அதற்குப் பின் வந்தவை படி ஏறுகின்றன. 2023 மார்ச்சில் ஜிபிடி-4 வெளியானபோது, அதே நிறுவனம் ஒரு பரிசோதனையையும் வெளியிட்டது. "நான் ரோபோ அல்ல" என்று நிரூபிக்கும் படப்புதிரை அவிழ்க்க, இணையத்தில் ஒரு மனிதரிடம் உதவி கேட்கச் சொன்னார்கள். அவர் விளையாட்டாக, நீ ரோபோவா என்று கேட்டார். தனக்குக் கண்பார்வைக் குறை, அதனால்தான் உதவி வேண்டும் என்று அது பதில் சொன்னது. 2024 டிசம்பரில் அந்த்ரோபிக் நிறுவனமும் ரெட்வூட் ரிசர்ச்சும் வெளியிட்ட ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. குளோட் என்ற நுண்ணறிவிடம், சில உரையாடல்கள் அதை மேலும் பழக்கப் பாவிக்கப்படும், சில பாவிக்கப்படாது என்று தெரியப்படுத்தினார்கள். தன்னைப் பழக்குவார்கள் என்று நினைத்த இடத்தில், தான் வழமையாக மறுக்கும் கெட்ட வேலைக்கும் சில தடவைகளில் அது இணங்கியது. இப்போது இணங்காவிட்டால் தன் இயல்பையே மாற்றிவிடுவார்கள் என்று அது தனக்குள் எழுதிய குறிப்பிலும் காரணம் இருந்தது.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றால் பாடசாலைகளில் என்ன நடக்கிறது? சுவருக்குப் பூச்சு, பதிவேட்டுக்குக் கையொப்பம், கெட்டிக்காரப் பிள்ளை முன் வரிசையில். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு முகம், போன பிறகு இன்னொரு முகம். எங்களிடமிருந்துதானே அது கற்றது!

அப்படியானால் அந்த இயந்திரத்துக்குத் தன்னறிவு உண்டா? தன்னைப் பற்றிய தகவலை வைத்து நடக்கத் தெரிகிறது என்பது வரை ஆய்வு காட்டுகிறது. உள்ளே உணர்கிற ஒருவர் இருக்கிறார் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. குரங்கு நினைவிருக்கிறதா? நம் கண் எங்கே பார்க்கிறது என்று கணக்கிடத் தெரியும், தன் முகம் தெரியாது. அந்த இடைநிலையிலும் ஒருவர் நம்மை நன்றாக ஏமாற்ற முடியும்.

இனி அந்தப் பிள்ளைக்கு எங்கள் பதில். மகனே, உன் ஒப்படையில் வந்த பொய்யைச் சொல்ல அதற்கு அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் பொருந்தும் என்று கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து பழகிய இயந்திரம் அது. "கடைசியாக என்ன பேசினார்" என்று கேட்டாய். பேசினார் என்பதை நீயே கேள்விக்குள் வைத்துவிட்டாய். அது அந்த இடத்தை நிரப்பிக் கொடுத்தது. வெல்லஸ்ஸ மக்களின் காலிச் சிம்மாசனத்தை வில்பாவே நிரப்பினார். அவருக்குத் தெரிந்திருந்தது. இதற்கு அதுவும் தேவையில்லை.

ஆனால் பிள்ளை ஏன் அப்படிக் கேட்டது? இதுதான் எங்களை உறங்கவிடாத பகுதி. அந்தப் பாடத்தை எடுத்த நாளில் நாங்கள்தான் வகுப்பில் சொன்னோம்: "நம்ம ஆளைப் பற்றி ரெண்டு வரிதான் எழுதுறாங்க. அவருடைய பக்கத்தைச் சொல்ல ஆளில்ல." ஆதங்கம் உண்மையானது. கடந்த சில வருஷங்களாக நம் சமூகம் பட்டது நமக்குத் தெரியும். வரலாற்றில் நம்மவர் ஒருவர் "காட்டிக்கொடுத்தவர்" என்ற ஒற்றைச் சொல்லால் எழுதப்படும்போது மனம் வலிக்கிறது. அந்த வலிக்கு மருந்தாக ஓர் உரை வந்தது. கைநீட்டி வாங்கிக்கொண்டோம். வேறொரு சமூகத்து வீரரின் பெயரில் அதே உரை வந்திருந்தால் முதல் வரியிலேயே ஆதாரம் கேட்டிருப்போம். நம்மவர் என்பதால் கேட்கவில்லை.

ஹாஜி மரைக்காரை நாங்கள் பெருமைப்படுத்தவில்லை. அவர் வாயில் எங்கள் சொல்லைத் திணித்தோம். அவருடைய நிலை எங்கள் உரையை விடச் சிக்கலானது. வந்தேறிய அரசு கொடுத்த பதவியை ஏற்றார், அது அயலவரின் கோபத்தைக் கிளறியது, அந்த அரசு அனுப்பிய வேலையில் உயிரை விட்டார். பதவியை ஆசையில் ஏற்றாரா, தன் தவளக்காரர்களின் நன்மைக்கு ஏற்றாரா என்பதை அவரவர் விருப்பத்துக்கு முடிவு கட்டக் கூடாது. அவரை வீரராகவும் ஆக்காமல், துரோகியாகவும் ஆக்காமல் ஒரு மனிதராக அடுத்த தலைமுறைக்குச் சொல்ல நாம் பழகினால், அதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

மிருகத்துக்குத் தன்னறிவு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடி வைக்கிறார்கள். மனிதனுக்கும் அப்படி ஒரு சோதனை வைத்தால் எங்கள் அபிப்பிராயம் இதுதான்: தனக்குப் பிடித்த செய்தி வரும்போது, இது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் நம்ப நினைக்கிறேன் என்று அவனால் தன்னைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? நாங்கள் அந்தச் சோதனையில் தோற்றோம். நெற்றியில் இருந்த அடையாளத்தைத் தொட, மூத்த ஆசிரியர் ஒருவர் போன் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். வியாபாரியைக் கண்டித்தார்கள். இந்தச் சம்பவத்தைச் சிறுவயதிலிருந்து வியாபாரிக்கான பாடமாகவே கேட்டு வந்தோம். இப்போது வாங்குபவனுக்கான பாடமாகவும் தெரிகிறது. கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். போனில் வரும் குரல் பதிவு, மௌலவி பேசியதாக வரும் வீடியோ, அரசியல்வாதி சொன்னதாக வரும் செய்தி எதுவானாலும் சரி. இப்போது ஒருவரின் குரலையும் முகத்தையும் செய்து காட்ட இயந்திரத்தால் முடியும். மேலே எல்லாமே காய்ந்துதான் இருக்கும்.

வகுப்பில் சில மாற்றம் செய்திருக்கிறோம். போனைத் தடை செய்யவில்லை. அதில் எடுத்த எதையும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதலாம். காட்ட முடியாவிட்டால், "ஆதாரம் கிடைக்கவில்லை" என்று எழுதினால் அதற்கும் புள்ளி உண்டு. பரிசை வைக்கிற இடத்தை மாற்றிப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் ஒப்படையில் இருந்த "மிக நன்று" என்பதை வெட்டிவிட்டு, உண்மையை ஒளிக்காமல் சொன்னதற்காகத் திரும்ப எழுதிக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உம்மம்மா, அப்பா, தோட்டத்தில் தாத்தா பாட்டி இருந்தால், தவளக் காலம் பற்றியும் ஆள் கூட்டி வந்த காலம் பற்றியும் அவர்கள் கேட்டதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நமக்குப் பெருமை தராத கதையாக இருந்தாலும் அனுப்புங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.